தந்தையின் குற்றமும் மைந்தனின் நேர்மையும்: கொன்பூசியஸின் உரைத்தொகுப்பில் ஓர் அறவினா

உலகின் பழைய அறநூல்களிற் பல, ஒருவரால் ஒரே காலத்தில் திட்டமிட்டு எழுதப்பட்டவை அல்ல. ஆசான் ஒருவர் வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு மனிதருக்குக் கூறியவற்றை அவர்தம் மாணாக்கரும், அம்மாணாக்கரின் மாணாக்கரும் நினைவிற் கொண்டு தொகுத்து வைத்தமையால் உருவான நூல்கள் அவை. சீன நாட்டுச் சிந்தனையாளர் கொன்பூசியஸ் (கி.மு. 551–479) பெயரோடு இணைத்துப் பேசப்படும் 'லுன் யூ' என்னும் உரைத்தொகுப்பு இவ்வகையைச் சார்ந்தது. 20 பிரிவுகளையும் ஏறத்தாழ 500 சிறு பகுதிகளையும் கொண்ட இந்நூல், கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சூ சி என்னும் அறிஞரால் 'நான்கு நூல்கள்' எனும் வரிசையில் வைக்கப்பட்டது. 1313ஆம் ஆண்டு தொடக்கம் அந்நான்கு நூல்களும் அரச உத்தியோகத் தேர்வுகளுக்கு அடிப்படை நூல்களாயின. 1905இல் அத்தேர்வு முறை ஒழிக்கப்படும் வரை சீனத்துக் கல்விமான் ஒவ்வொருவனும் இதனை மனனஞ் செய்தே வளர்ந்தான் எனலாம்.

இத்தகைய பெருமை வாய்ந்த தொகுப்பில் ஒரு சிறு பகுதி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரை இரு அணிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றது. பதின்மூன்றாம் பிரிவில் இடம்பெறும் அப்பகுதியின் செய்தி எளிமையானது. சூ அரசைச் சார்ந்த ஷே என்னும் பகுதியின் ஆட்சித் தலைவர், தம் நாட்டு மனிதன் ஒருவனின் நேர்மையைக் கொன்பூசியஸிடம் வியந்து கூறுகிறார். அம்மனிதனின் தந்தை ஆடொன்றைக் கவர்ந்து கொண்டபோது, மகனே முன்வந்து தந்தைக்கு எதிராகச் சான்று பகர்ந்தானாம். இதனைக் கேட்ட கொன்பூசியஸ், தமது ஊரில் நேர்மையாளர் எனப்படுவோர் வேறுவிதமாக நடந்து கொள்வர் என்றும், அங்கு தந்தை மகனுக்காக மறைப்பான், மகன் தந்தைக்காக மறைப்பான் என்றும், நேர்மை அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது என்றும் விடையிறுக்கிறார். உரையாடல் அவ்வளவோடு முடிகின்றது.

இவ்விடை, நீதி பற்றிய சாதாரண எண்ணத்தை உடனடியாகப் புண்படுத்துகின்றது. களவு களவே. களவு செய்தவன் தந்தை என்பதனால் ஆடு தன் சொந்தக்காரனிடம் திரும்பிவிடப் போவதில்லை. இந்த உரையாடலில் ஆட்டுக்காரனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது சிந்திக்கத்தக்கது. அவன் ஓர் ஏழைக் குடியானவனாக இருந்திருக்கலாம். அந்த ஓர் ஆடே அவனுடைய சேமிப்பாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு குடும்பமும் தன் உறுப்பினரின் குற்றத்தை மறைக்குமாயின் குடும்பத்துக்கு வெளியே நிற்பவனுக்கு நியாயம் எங்கிருந்து கிடைக்கும்? ஆள்பலமும் செல்வாக்கும் மிக்க குடும்பம் மறைத்தால் மறைவு முழுமையாகும். எளியவன் குடும்பம் மறைத்தால் அது ஒரு நாளிலே வெளிப்பட்டுவிடும். ஆகவே இவ்வறம் வலியோர்க்கே பயன்படும் என்பது இதற்கு எதிரான வலுவான வாதம். அண்மைக் காலத்திலும், 2002ஆம் ஆண்டில், லியூ ச்சிங்பிங் என்னும் சீன மெய்யியலறிஞர், உறவினரை முதன்மைப்படுத்தும் இத்தகைய போதனைகளே ஊழலுக்கும் சலுகை காட்டலுக்கும் வித்திட்டன எனக் குற்றஞ்சாட்டி எழுதினார். அதனைத் தொடர்ந்து எழுந்த வாதப் பிரதிவாதங்கள் 2004இல் குவோ ச்சியொங் என்னும் அறிஞரால் ஒரு பெருந்தொகுதியாகப் பதிப்பிக்கப்பட்டன. எனவே இவ்வினா பழமை சார்ந்த வெறும் ஏட்டு வினாவன்று என்பது தெளிவாகும்.

கொன்பூசியஸ் கூறியது சரியா, தவறா எனத் தீர்ப்புக் கூறுமுன்னர், அவர் கூறியது யாது எனத் தெளிதல் வேண்டும். உரைத்தொகுப்பு நூல்களைப் படிப்போர் மறக்கலாகாத உண்மையொன்றுண்டு. அங்கு இடம்பெறும் கூற்றுக்களிற் பல ஒருவருக்குக் கூறப்பட்ட மறுமொழிகளாகும். இதே நூலின் பதினோராம் பிரிவில், அறிந்த நல்லதை உடனே செயற்படுத்தலாமா என்று இரு மாணாக்கர் தனித்தனியே கேட்கின்றனர். தந்தையும் மூத்தோரும் இருக்கையில் அவசரப்படுவது எங்ஙனம் என்பது ஒருவருக்குக் கிடைத்த விடை; உடனே செய்க என்பது மற்றவருக்குக் கிடைத்த விடை. மூன்றாம் மாணாக்கர் ஒருவர் குழம்பிப் போய்க் காரணம் வினவ, ஒருவர் பின்னிற்பவராகையால் அவரை முன்னே தள்ளியதாகவும், மற்றவர் துடுக்கு மிக்கவராகையால் அவரைத் தடுத்ததாகவும் ஆசான் விளக்குகிறார். கேட்பவரைப் பிரித்துவிட்டு விடையை மட்டும் எடுத்து விதியாக்குவது இந்நூலின் இயல்புக்கு முரணானது.

அவ்வாறாயின், ஆட்டுக் கதையைக் கூறியவர் யார்? ஆட்டை இழந்தவனல்லன், தந்தையைக் காட்டிக் கொடுப்பதா எனத் தவிக்கும் மகனுமல்லன். அவர் ஓர் ஆட்சித் தலைவர். இதற்குச் சற்று முன்னர் அதே பிரிவில் நல்லாட்சி யாதெனக் கொன்பூசியஸிடம் கேட்டவரும் அவரே. தம் ஆட்சிக்கு உட்பட்டவன் பெற்ற தந்தையையே காட்டிக்கொடுக்கும் அளவுக்கு உண்மையாளனாக இருக்கிறான் என்பதில் அவர் பெருமை கொள்கின்றார். மறுமொழி அப்பெருமைக்கே கூறப்பட்டது. மகன் தந்தையைக் காட்டிக் கொடுப்பதைத் தன் வெற்றியாகக் கருதும் ஆட்சி எத்தகைய ஆட்சி என்னும் வினா அம்மறுமொழியில் உள்ளடங்கி நிற்கின்றது. ஆட்சி என்பது நேராயிருத்தலே என்றும், ஆள்பவன் நேராயிருந்தால் ஏனையோர் கோணலாயிருக்கத் துணியார் என்றும் வேறோரிடத்தில் வலியுறுத்தியவர் கொன்பூசியஸ். குடிகளின் ஒழுக்கத்துக்கு அவர்தம் பிள்ளைகளைக் காவலராக்கும் முறை அவருக்கு உவப்பானதாக இருந்திருக்க முடியாது.

அடுத்து, 'நேர்மை' என்னும் சொல் நோக்கற்பாலது. சீன மூலத்தில் 'ஜி' எனப்படும் இச்சொல் வளைவின்றி நேராக இருத்தலைக் குறிப்பது. இந்நூலில் அது வரும் இடங்களை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஒரு பொதுக்கருத்துப் புலனாகின்றது. நேர்மையாளனெனப் பெயர்பெற்ற ஒருவனிடம் யாரோ காடி கேட்டு வந்தபோது, தன்னிடம் இல்லையென்று கூறாது அயலாரிடம் வாங்கிக் கொடுத்தானாம். அவனை நேர்மையாளன் என்பது எங்ஙனம் எனக் கொன்பூசியஸ் வினவுகிறார். பிறர் மெச்சுவதற்காக உள்ள நிலையை மறைத்தமையே அவன் குறை. தீங்கு செய்தவனுக்கு நன்மையைக் கைம்மாறாக அளிக்கலாமா என்று ஒருவர் கேட்டபோது, அவ்வாறாயின் நன்மை செய்தவனுக்கு எதனை அளிப்பது என வினவி, தீங்குக்கு நேர்மையையும் நன்மைக்கு நன்மையையும் அளிக்குமாறு கூறுகிறார். நேர்மையை விரும்பிக் கல்வியை விரும்பாதவன் கடுமையானவனாகிவிடுவான் என்றும், முறைமையோடு கூடாத நேர்மை முரட்டுத்தனமாகிவிடும் என்றும் பிறிதோரிடங்களில் எச்சரிக்கிறார். இவற்றால் அறியப்படுவது யாதெனில், கொன்பூசியஸ் கருதிய நேர்மை, உள்ளதை உள்ளவாறு ஊருக்கு அறிவித்தல் என்பதோடு முடிவதன்று. அகத்தில் உண்மையாக இருக்கும் உணர்வும் புறத்தே நிகழும் செயலும் ஒன்றிலிருந்து ஒன்று கோணாதிருத்தலாகும். தந்தை அகப்பட்டான் என்று கேட்ட மாத்திரத்தில் மகனின் உள்ளம் பதறுவது இயல்பு. அப்பதற்றத்தை நசுக்கிவிட்டு அரசன் முன் சென்று நிற்பவன், அயலாரிடம் காடி வாங்கிக் கொடுத்தவனைப் போலவே, பிறர் கண்ணுக்காக வாழ்பவனாகலாம்.

இவ்வையம் பழங்காலத்திலேயே எழுந்ததென்பதற்குச் சான்றுண்டு. கி.மு. 239ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட 'லூ ஷி சுன் சியூ' என்னும் நூல் இக்கதையை வேறுவடிவில் கூறுகின்றது. அதன்படி, மகன் தந்தையைக் காட்டிக் கொடுக்கிறான்; தந்தைக்கு மரணதண்டனை விதிக்கப்படுகையில், தந்தைக்குப் பதிலாகத் தானே இறக்க முன்வருகிறான்; கொலைக்களத்தில், உண்மையும் பெற்றோர் பக்தியும் ஒருங்கே உடைய தன்னைக் கொன்றால் நாட்டில் யார்தாம் கொல்லப்படாதிருப்பர் எனக் கேட்டு விடுதலையும் பெறுகிறான். ஒரே தந்தையை வைத்து இருமுறை புகழ் தேடிக்கொண்ட இவனுடைய நேர்மையினும் நேர்மையின்மையே மேல் என்று அங்கு கொன்பூசியஸ் கருத்துரைப்பதாகக் காட்டப்படுகின்றது. இது பிற்காலக் கற்பனையாக இருக்கலாம். எனினும் அறச்செயலைப் புகழின் கருவியாக்கும் மனப்பாங்கினைப் பழஞ்சீனர் நன்கு இனங்கண்டிருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

'மறைத்தல்' என்பதும் தெளிவுபடுத்தப்பட வேண்டியதே. தந்தையின் குற்றத்தை ஊரறியச் சொல்லாதிருப்பது வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதற்குத் துணைநிற்பது வேறு. பெற்றோர் தவறு செய்யுமிடத்து மென்மையாக எடுத்துக் கூறுதல் வேண்டும் என்றும், அவர் கேளாவிடினும் மரியாதை குன்றாது, மனங்கசவாது தொடர்தல் வேண்டும் என்றும் நான்காம் பிரிவில் வரும் கூற்றொன்று விதிக்கின்றது. பெற்றோரைப் பேணல் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த 'சியாவ் சிங்' என்னும் நூலும், தந்தை அநீதி செய்யுமிடத்து அவருடன் வாதிடுதல் மகனின் கடமையென்றும், வெறுமனே கீழ்ப்படிதல் பெற்றோர் பக்தியாகாது என்றும் கொன்பூசியஸ் வாய்மொழியாகவே கூறுகின்றது. ஆகவே மகன் ஊர்மன்றில் வாய்மூடியிருக்கலாம். வீட்டில் வாய்மூடியிருத்தல் ஆகாது. தந்தை கவர்ந்த ஆடு, பிராணி தானே வழிதவறி வந்தபோது வைத்துக்கொள்ளப்பட்டது என்னும் பொருள்பட அச்சொல்லைச் சில பழைய உரைகாரர் விளக்குவர். அவ்வாறாயின், அன்றிரவே அதனைத் திருப்பிக் கொண்டுபோய் விடுமாறு தந்தையை இரக்கும் மகனை எண்ணிப்பார்த்தல் கடினமன்று. ஆயினும், நூலிலே ஆட்டைத் திருப்பிக் கொடுக்கும் செய்தி இல்லை. அது கொன்பூசியஸின் ஏனைய கூற்றுக்களிலிருந்து பெறப்படும் முடிவேயன்றி இக்கூற்றில் உள்ளதன்று. இக்குறையை மறைத்து அவரைப் போற்றுவது, ஆட்டுக்காரனை இரண்டாம் முறையும் மறப்பதாகும்.

இக்கதையில் மறைந்துள்ள முரண்பாட்டைத் தயக்கமின்றி வெளிப்படுத்தியவர் ஹான் ஃபெய் (இறப்பு கி.மு. 233). சட்டத்தை முதன்மைப்படுத்திய சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்த அவர், இரண்டு கதைகளை அருகருகே வைக்கிறார். முதலாவதில், தந்தையைக் காட்டிக்கொடுத்தவனை, அரசனுக்கு நேர்மையாளனாயினும் தந்தைக்கு வஞ்சகன் என்று கருதி அமைச்சர் கொல்விக்கிறார். அதன்பின் அந்நாட்டிற் குற்றங்கள் மேலிடத்துக்கு அறிவிக்கப்படுவதே நின்றுபோகின்றது. இரண்டாவதில், தான் இறந்தால் முதிய தந்தையைப் பேண யாருமில்லையென்று மும்முறை போரிலிருந்து ஓடிவந்த வீரனைக் கொன்பூசியஸ் மெச்சி உயர்த்துகிறார். அதன்பின் அந்நாட்டு வீரர் எளிதிற் புறங்காட்டுகின்றனர். தந்தைக்கு நல்ல மகன் அரசனுக்குத் துரோகி ஆகின்றான் என்பது ஹான் ஃபெய்யின் முடிவு. குடும்பமும் அரசும் ஒரே அறத்தால் இயங்குவன என்று கூறி ஆறுதலடைவோருக்கு அவருடைய கூற்று இன்றும் ஒரு சவாலாகும். எனினும் அவர் அரசனின் பக்கம் நின்றே இதனைப் பார்த்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆட்டை இழந்தவனின் நட்டம் அவருடைய கணக்கிலும் பெரிதாக இடம்பெறவில்லை.

கொன்பூசியஸ் மரபில் வந்த மென்சியஸ் இச்சிக்கலை அதன் எல்லைக்கே கொண்டு செல்கிறார். பேரரசன் ஷுன்னின் தந்தை ஒருவனைக் கொலை செய்துவிட்டால் என்ன நிகழும் என்று மாணாக்கர் ஒருவர் கேட்கிறார். நீதியதிகாரி அவரைக் கைதுசெய்வார் என்பது மென்சியஸின் முதல் விடை. மன்னன் அதனைத் தடுக்க மாட்டானா எனின், தடுக்க அவனுக்கு உரிமையில்லை. அவ்வாறாயின் ஷுன் என்ன செய்வான்? தேய்ந்த செருப்பைக் கழற்றி எறிவதுபோல் அரசபதவியை எறிந்துவிட்டு, தந்தையை முதுகிற் சுமந்துகொண்டு கடற்கரையோரம் சென்று, ஆண்ட நாட்டை மறந்து மகிழ்ச்சியோடு வாழ்வான் என்பது விடை. இங்கு ஒரு நுண்ணிய எல்லை வகுக்கப்படுகின்றது. மகன் என்ற முறையில் தந்தையைக் காப்பாற்றலாம். மன்னன் என்ற முறையில் முடியாது. பதவியைக் கையில் வைத்துக்கொண்டு உறவினரைக் காப்பவன் ஷுன்னை உதாரணங் காட்ட இயலாது. கொன்பூசியஸின் கூற்றை ஊழலுக்கு அரணாகக் கொள்வோர்க்கு அம்மரபினுள்ளேயே அளிக்கப்பட்ட மறுப்பாக இதனைக் கொள்ளலாம். ஆனால் கொலையுண்டவனின் மனைவி மக்கள் கடற்கரையை நோக்கிக் கேட்கக்கூடிய கேள்விக்கு மென்சியஸிடமும் விடையில்லை.

கருத்துக்கள் நூல்களோடு நின்றுவிடுவதில்லை. அவை சட்டங்களாகி மனிதரின் வாழ்வைத் தீண்டுகின்றன. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சின் அரசில் ஷாங் யாங் புகுத்திய சீர்திருத்தங்கள், குடும்பங்களை ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் இணைத்து, ஒருவர் குற்றத்தை மற்றவர் அறிவிக்காவிடில் தண்டிக்கும் முறையை ஏற்படுத்தின. ஆயினும், 1975ஆம் ஆண்டில் ஹூபெய் மாகாணத்து ஷுய்ஹுதி என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மூங்கிற் சுவடிகள், அதே சின் அரசின் சட்டத்திலும், பிள்ளைகள் பெற்றோர்மீது சுமத்தும் சிலவகைக் குற்றச்சாட்டுக்கள் ஏற்கப்படலாகாது என்னும் விதி இருந்தமையை வெளிப்படுத்தின. சட்டத்தையே தெய்வமாகக் கொண்ட அரசும் வீட்டு வாசலிற் சற்றுத் தயங்கியே நின்றிருக்கின்றது. பின்னர் ஹான் வம்சத்து மன்னன் சுவான் கி.மு. 66இல் பிறப்பித்த ஆணை, பெற்றோரை மறைத்த பிள்ளைகளையும், கணவனை மறைத்த மனைவியையும், பாட்டன் பாட்டியரை மறைத்த பேரரையும் தண்டனையினின்று விடுவித்தது. ஆனால் பிள்ளையை மறைத்த பெற்றோருக்கும், மனைவியை மறைத்த கணவனுக்கும் அவ்வாறான முழு விடுதலை வழங்கப்படவில்லை. மரணதண்டனைக்குரிய வழக்குகளாயின் அவை மேலிடத்துத் தீர்ப்புக்கு அனுப்பப்பட்டன. கொன்பூசியஸின் கூற்றில் தந்தையும் மகனும் ஒருவருக்கொருவர் செய்வதாக இருந்த மறைத்தல், இவ்வாணையில் கீழிருந்து மேல்நோக்கிய கடமையாகச் சாய்ந்துவிட்டமையை அவதானிக்கலாம்.

கி.பி. 653ஆம் ஆண்டின் தாங் வம்சத்துச் சட்டத்தொகுப்பில் இச்சாய்வு மேலும் கடுமையாகின்றது. உறவினர் ஒருவரையொருவர் மறைத்தல் அங்கு பரந்த அளவில் அனுமதிக்கப்பட்டது. அதேவேளை, பெற்றோரையோ பாட்டன் பாட்டியரையோ அரசிடம் குற்றஞ்சாட்டும் பிள்ளைக்குக் கழுத்து நெரித்துக் கொல்லும் தண்டனை விதிக்கப்பட்டது. சான்று பகராதிருக்கும் உரிமையாகத் தோன்றியது, சான்று பகர்ந்தால் உயிரிழக்கும் அச்சமாக மாறியது. தந்தையின் கொடுமைக்கு ஆளான மகனுக்கோ மகளுக்கோ இச்சட்டத்தில் வாயில்லை. அரசனுக்கெதிரான கலகம், இராசத்துரோகம் போன்றவற்றில் மாத்திரம் மறைத்தல் அனுமதிக்கப்படவில்லை. விதிவிலக்கு யாருக்காக வகுக்கப்பட்டது என்பதை நோக்கின், அச்சமுதாயத்தின் இயல்பு புலப்படும். சிங்காசனத்துக்கு ஆபத்து வருமிடத்து உறவின் புனிதம் தளர்த்தப்பட்டது; ஆட்டுக்காரனுக்காக அது தளர்த்தப்படவில்லை. மனித உறவின் மென்மையிலிருந்து பிறந்த ஓர் அறக்கூற்று, நிலமானிய சமுதாயத்தின் மேலாதிக்கத்துக்கு இவ்வாறு துணைபோயிற்று.

இதற்கு நேரெதிரான திசையிற் சென்ற அனுபவமும் சீன வரலாற்றில் உண்டு. 1966இல் தொடங்கி 1976 வரை நீடித்த கலாசாரப் புரட்சிக் காலத்தில், குடும்பப் பாசம் பழமையின் எச்சமாக இகழப்பட்டது. பெற்றோரைக் காட்டிக்கொடுத்த இளைஞர் மெச்சப்பட்டனர். 1970இல் அன்ஹுயி மாகாணத்தில் தாயொருத்தி தன் வீட்டினுள் தலைவர் மாவோவைக் குறைகூறிப் பேசியதைப் பதின்ம வயது மகனும் கணவனும் அதிகாரிகளுக்கு அறிவித்தனர். இரண்டு மாதங்களுக்குள் அவள் சுட்டுக் கொல்லப்பட்டாள். 1980இல் அவள் குற்றமற்றவளெனத் தீர்ப்பு மாற்றப்பட்டது. முதுமையை அணுகிய மகன் 2013இல் தன் செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டபோது, அதனைக் கேட்பதற்குத் தாய் இருக்கவில்லை. ஷே நாட்டுத் தலைவர் மெச்சிய நேர்மை, அதன் முழு வளர்ச்சியில் எங்கு சென்று முடியக்கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. ஆட்சி குற்றமென்று கூறுவதெல்லாம் குற்றமாகிவிடாது என்பதையும், வீட்டினுள் பேசிய சொல் வீதிக்கு வரலாம் என்னும் அச்சம் நிலவுமிடத்தில் வீடென ஒன்று இருக்க முடியாது என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. 2012ஆம் ஆண்டு திருத்தப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சீனக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், எதிரியின் வாழ்க்கைத்துணையையும் பெற்றோரையும் பிள்ளைகளையும் சான்று பகர நீதிமன்றத்துக்கு வலுக்கட்டாயமாக வரவழைக்கலாகாது என விதித்தது. நீண்ட சுற்றுக்குப் பின் அப்பழைய உரையாடலின் ஒரு பகுதி சட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கின்றது எனலாம்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று வேறுபாடுகள் தெளிவாகின்றன. முதலாவது, சான்று பகருமாறு வற்புறுத்தப்படாதிருத்தலும் சான்று பகரத் தடைவிதிக்கப்படுதலும் ஒன்றல்ல. முன்னது மனிதனின் உள்ளத்துக்கு அரசு அளிக்கும் மதிப்பு. பின்னது வீட்டின் வலியோனுக்கு அரசு அளிக்கும் வாள். இரண்டாவது, மகனின் மௌனமும் அதிகாரியின் மௌனமும் ஒன்றல்ல. உறவின் பெயரால் மறைக்க விரும்புபவன் பதவியைத் துறந்த பின்னரே அவ்வாறு செய்யலாம். மூன்றாவது, தண்டனைக்கு உதவாதிருத்தலும் இழப்பீட்டுக்கு உதவாதிருத்தலும் ஒன்றல்ல. தந்தையைச் சிறைக்கு அனுப்ப மகன் மறுக்கலாம். ஆட்டைத் திருப்பிக் கொடுக்க மறுக்கும் உரிமை அவனுக்கு இல்லை.

குற்றவாளியைக் கண்டுபிடித்தல் அரசின் கடமை. அக்கடமையைச் செய்வதற்கு மகனின் நாவைத் தவிர வேறு வழியறியாத அரசு திறமையற்ற அரசாகும். அந்நாவையே விரும்பித் தேடும் அரசு கொடிய அரசாகும். இவ்வளவில் கொன்பூசியஸின் மறுமொழி வலிமையுடையது. ஆனால் அவர் நேர்மை அடங்கியிருப்பதாகக் கூறிய இடம் நேர்மை தொடங்கும் இடமேயாகும். வீட்டினுள் தந்தையின் முன் நின்று, குரலை உயர்த்தாது, ஆடு யாருடையதென்று கேட்கும் துணிவு மகனிடம் இருக்குமாயின் அவன் மௌனம் அறமாகும். அத்துணிவு இல்லாதவிடத்து, அம்மௌனம் களவிற் கிடைத்த ஒரு பங்கேயாகும்.